பெட்டிக்காரம்மாவின் பாஸ்

பெட்டிக்காரம்மாவின் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு வருஷம் பழகியும் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் அப்போது லைன் ஆபீஸ் குமாஸ்தா. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த எங்கள் லைனில் நாற்பது வீடு. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு யார் தகப்பன், எவன் எந்த ஷிப்டில் இறங்குகிறான் என்பதெல்லாம் என் கைப்பட எழுதிய ரிஜிஸ்தரில் இருந்தது. பெயர் எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பை அந்த அம்மாளைப் போல் யாரும் கேலி செய்ததில்லை. கடைசியில் அது என் கையை விட்டுப் போனதற்கும் அவர்தான் காரணம். அதற்காக நான் இன்றுவரை ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை.

பௌரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில் வரத் தொடங்கிய புதிதில், ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். நல்ல உயரம். கறுப்புப் பாவாடை, தலையில் வெள்ளைத் துணி, முதுகில் தோல்வாரில் மாட்டிய மரப்பெட்டி. பெட்டியைக் கீழே வைத்து முன்பக்கத்தைத் திறந்தால் அடுக்கடுக்காக இழுப்பறைகள் வரும். ஊசி, நூல்கண்டு, பொத்தான், சீப்பு, கையகலக் கண்ணாடி, ரவிக்கைக்கு வைக்கும் லேஸ், வேட்டிக்குப் போடும் நீலம். கையிலிருந்த காகிதத்தில் துருக்கி சுல்தானின் முத்திரை இருந்ததால் முதலில் 'துருக்கியம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு அவர் ஊசி விற்கவில்லை. அப்புறம்தான் பெட்டிக்காரம்மா ஆனார்.

அவருடைய ஊர் லெபனான் மலை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேதுரு மரத்தோடு சேர்ந்து வருகிற அதே லெபனான். அதைக் கேட்டதும் எங்கள் சபைப் பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே கேதுரு மரங்கள் இன்னும் ஓங்கி நிற்கின்றனவா என்று விசாரித்தார். "முக்கால்வாசி வெட்டியாச்சு" என்று சொல்லிவிட்டுப் பாதிரியாரின் மனைவிக்கு லேஸ் அளக்கப் போய்விட்டார் அம்மாள்.

அவர் விரல் நுனிகளுக்கு உணர்ச்சி கிடையாது. சின்ன வயதில் அந்த மலையில் ஒரு பிரெஞ்சுக்காரனின் பட்டு ஆலையில், கொதிக்கிற தொட்டிக்குள் கைவிட்டுப் பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுத்த வேலை. இழை போயிற்று, கூடவே தோலும் போயிற்று. அந்தக் கைப்பழக்கத்தை நம்பித்தான் பெங்களூர்ப் பக்கம் பட்டு ஆலை வைத்த ஒரு வெள்ளைக்காரன் அவரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். ஆலை மூடிக்கொண்டது, வெள்ளைக்காரன் ஊர் போய்ச் சேர்ந்தான், அம்மாள் பெட்டியோடு இங்கே வந்தார். பூதிகோட்டைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் முசுக்கொட்டைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, தன் ஊர் மாதிரி இருக்கிறது என்றார். லைனில் யார் வீட்டிலாவது அடுப்பில் குண்டான் பொங்கினால் துணி தேடமாட்டார். வெறுங்கையால் தூக்கி இறக்கி வைத்துவிட்டுப் பேச்சைத் தொடருவார். பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள்.

தமிழை லைன் பெண்களிடம் கற்றார். இன்னா, கீது எல்லாம் சரளம். ஆனால் எல்லோருக்கும் ஒரே மரியாதை. சுரங்கத்தை நடத்தும் கேப்டன் துரையும் 'வாங்க'தான், கக்கூஸ் வாளி எடுக்க வருகிறவரும் 'வாங்க'தான், இடுப்பில் இருக்கிற கைக்குழந்தையும் 'வாங்க'தான். சின்னப் பிள்ளையை இப்படிக் கூப்பிடக் கூடாது என்று திருத்தப் பார்த்தேன். ஆளைப் பார்த்து அளந்து கொடுக்க இது என்ன லேஸா என்று கேட்டார்.

மலையில் பெரிய கலகம் நடந்து ஊர் ஊராக வெந்து போனதும், அதில் அவர் குடும்பம் அழிந்ததும் லைனில் எல்லோருக்கும் தெரியும். அடித்துக்கொண்டவர்கள் துரூஸ் என்கிற ஒரு கூட்டமும் மரோனியர் என்கிற கிறிஸ்தவர்களும். இதில் அம்மாள் எந்தப் பக்கம் என்பதுதான் தெரியாது. தெரியாமல் ஒரு ஜனத்தால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? கத்தோலிக்கர்கள் அவர் சிலுவை போடுகிறாரா என்று உற்றுப் பார்த்தார்கள். மாதா கோயில் வாசலில் உட்காருவார், உள்ளே போகமாட்டார். மாரியம்மன் கோயில் வாசலிலும் உட்காருவார், கூழ் வாங்கிக் குடிப்பார், உள்ளே போகமாட்டார். கேட்டால் சிரிப்பார். "பேரு சொன்னாலே எங்க மலையிலே ஆளு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். அதான் பேரும் சொல்றதில்லே."

எனக்கு இருந்த அரிப்பு வேறு. சண்டை ஏன் வந்தது என்று ஒரு காரணம் தெரிய வேண்டும். ஒரு விபத்து நடந்தால் ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு வரி எழுதி மூடினால்தான் குமாஸ்தாவுக்குத் தூக்கம் வரும். அம்மாள் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு காரணம் சொன்னார்.

ஒரு நாள், வழியில் இரண்டு கோவேறு கழுதைக்காரர்கள் இடித்துக்கொண்டதால் என்றார். நான் நம்பவில்லை. இன்னொரு நாள் முசுக்கொட்டை இலையால் என்றார். வடக்கே, அந்த இலை விளைகிற நிலம் யாருக்கு என்று குடியானவர்கள் ஜமீன்தார்களைத் துரத்தியடித்தார்களாம். அங்கே இரண்டு தரப்புக்கும் கோயில் ஒன்றுதான், அதனால் அது வயிற்றுச் சண்டையாகவே இருந்ததாம். அதே சண்டை தெற்கே வந்தபோது ஜமீன்தார் ஒரு மதம், குடியானவன் ஒரு மதம். வயிற்றுச் சண்டை சாமிச் சண்டையாக மாறிவிட்டது. வேறொரு நாள், வெளியூர்த் துரைமார்கள்தான் காரணம் என்றார். ஒரு கூட்டம் பிரெஞ்சுக்காரனிடம் ஓடியது, இன்னொரு கூட்டம் இங்கிலீஷ்காரனிடம் ஓடியது, துருக்கிப் பட்டாளம் இரண்டையும் வேடிக்கை பார்த்தது. காப்பாற்றுகிறேன் என்று சொல்லித் துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொண்ட அதிகாரி, அடிக்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டானாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை காரணம் இருக்க முடியாது, எதுவோ ஒன்றுதான் வேர், அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் இழுப்பறையை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார். "அதுக்கு முன்னாடியே ஒரு நாளு மலையை ரெண்டா வெட்டினாங்க. ரோட்டுக்கு வடக்கே ஒரு மதத்துக்கு ஒரு தலைவன், தெற்கே ஒரு மதத்துக்கு ஒரு தலைவன். சண்டை வரக்கூடாதுன்னுதான் வெட்டினாங்க. ஆனா ஊருல எல்லாம் கலந்து கீறாங்களே, இன்னா பண்றது? ஒருத்தரு காகிதத்திலே எழுதினாரு. இவங்க இது, அவங்க அதுன்னு. உங்களை மாதிரி ஒருத்தருதான். நல்ல கையெழுத்து."

நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். பேத்தமங்கலத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகு எங்கள் லைனுக்கு, லைன் கோடியில், ஒரே ஒரு குழாய் போட்டார்கள். குடங்கள் வரிசையில் நிற்கும். ஆனால் எந்த வீட்டு ஆண்பிள்ளை அந்த நேரத்தில் கீழே சுரங்கத்தில் இருக்கிறானோ, அந்த வீட்டுக் குடத்துக்கு முதல் தண்ணீர். மேலே வருகிறவன் உடம்பெல்லாம் பாறைத்தூளோடு வருவான், வீட்டில் தண்ணீர் இல்லாமல் நிற்கக்கூடாது. வீட்டுக்காரி வரமுடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக் கொண்டுபோய் வைப்பாள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பெண்களாகவே வைத்துக்கொண்டது. பெட்டிக்காரம்மா ஒரு காலைப்பொழுது முழுக்கப் பெட்டியின் மேல் உட்கார்ந்து இதைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இதை மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா கெட்டுப்போயிடும்" என்றார்.

அந்த வருஷம் ஆடிக் கடைசியில் மாரியம்மன் கரகமும் மாதா தேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்ந்தன. கரகத்துக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்களும், தேர் வருகிற வழியில் தண்ணீர் தெளிக்க வந்தவர்களும் குழாயடியில் முட்டிக்கொண்டார்கள். ஒரு மண்குடம் உடைந்தது. யார் குடம் என்றுகூட இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை கத்தோலிக்கர்கள் ஷிப்டு பார்க்கும் இத்தாலிக்காரரிடம் போனார்கள். அம்மன் கோயில்காரர்கள் கான்ட்ராக்டர் ஐயாவிடம் போனார்கள். பிராட்டஸ்டண்டுகளாகிய எங்களுக்கு அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் விடுவோமா? நாங்கள் கேப்டன் துரையிடம் போய் எங்கள் பங்கு என்ன என்று கேட்டோம்.

மூன்று பக்கத்துச் சிபாரிசும், வீடுகளை மேற்பார்க்கும் லைன் துரையின் மேஜைக்கு வந்தது. அவர் ஒழுங்கு பிடித்த மனிதர். குழாய்க்குப் பூட்டு. ஒவ்வொரு மதத்துக்கும் தனி நேரம், தனித் தலைவர்; நேரம் மாறும்போது சாவி கை மாறும். குடங்களில் அடையாளம்: இந்துக்களுக்கு வெள்ளை, கத்தோலிக்கருக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு. நாற்பது வீட்டுக்கும் மதவாரியாக லிஸ்ட் எழுதும் வேலை எனக்கு. புது ரிஜிஸ்தர் கொடுத்தார்கள், தோல் அட்டை போட்டது. எனக்கு ஒரே பெருமை.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. குப்பம்மாளும் அருளாயியும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். வேலூர்ப் பக்கம் ஒரே சேரியிலிருந்து வந்த குடும்பம். தம்பி ஞானஸ்நானம் வாங்கினார், அண்ணன் வாங்கவில்லை, அவ்வளவுதான். குப்பம்மாளுக்கு வெள்ளை போட்டேன், அருளாயிக்கு நீலம் போட்டேன். இன்னொரு வீட்டில் மாமியார் திருநீறு, மருமகள் ஜெபமாலை. கட்டம் ஒன்றுதான் இருந்தது. மாமியார் பெரியவர் என்று வெள்ளை போட்டேன். மருமகள் இரண்டு நாள் அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

குடத்துக்கு அடையாளம் போட அம்மாளிடம்தான் நீலம் வாங்க வந்தார்கள். அவர் கொடுக்கவில்லை. அந்த இழுப்பறையையே பூட்டிவிட்டார். ஆண்டர்சன்பேட்டைக் கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் குழாயடியில் ஒரு வாய்ச்சண்டை கிடையாது. நான் அம்மாளிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: பார்த்தீர்களா, உங்கள் மலையில் எழுதினவன் சரியாக எழுதவில்லை, அதனால்தான் எரிந்தது.

"இல்லை, அங்கேயும் அப்பால சரியா எழுதினாங்க" என்றார். "எல்லாம் செத்த பிற்பாடு பெரிய துரைங்க கப்பல்ல வந்தாங்க. பன்னெண்டு நாற்காலி போட்டாங்க. இந்த மதத்துக்கு நாலு, அந்த மதத்துக்கு மூணு, இன்னொண்ணுக்கு ரெண்டுன்னு. சண்டை நின்னுபோச்சு. நாப்பது வருஷமா இல்லை."

அப்புறம் என்ன, நல்லதுதானே என்றேன்.

"நாற்காலியிலே உக்காந்தவரு தன் ஆளுங்க பயத்தை வெச்சிதான் உக்காந்துக்கினு கீறாரு. பயம் போச்சுன்னா நாற்காலி போயிடும். அவரு பயத்தைப் போகவிடுவாரா?"

ஆத்திரத்தில், உங்களுக்கு எதைக் கண்டாலும் குற்றம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து பாஸ் வந்தது. வெளியாட்கள் லைனுக்குள் வர இனி பாஸ் வேண்டும் என்றார் துரை. பெயர், ஊர், தொழில், மதம். பெயருக்கு 'பெட்டிக்காரம்மா' என்றும், ஊருக்கு 'மலை' என்றும் சொன்னார். அதற்கு எப்படியோ துரை ஒத்துக்கொண்டார், அவருடைய வீட்டம்மாளுக்கு லேஸ் பிடிக்கும். மதம் காலியாக இருப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சுக்கான் இல்லாத கப்பல் மாதிரி ஒரு ஆளை லைனுக்குள் விடமுடியாதாம். ஒரு வாரம் கெடு கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். நல்ல காரியம் என்றுதான் அப்போது நினைத்தேன். அம்மாளுக்குத் தெரியாமல் அந்தக் கட்டத்தில் கத்தோலிக் என்று எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகுட்டி இல்லாத ஜன்மம், இந்த லைனை விட்டால் எங்கே போகும் என்கிற இரக்கம். எங்கள் லைனில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆளை ஏதாவது ஒரு பக்கத்தில் நிறுத்தி உதவுவதுதான் எங்களுக்குத் தெரிந்த உதவி.

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, "இங்கே இன்னா எழுதினீங்க?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

அவர் பெட்டியைத் திறந்தார். லேஸ் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தார். பாஸை இரண்டாக மடித்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும், நாலு பக்கமும் நேராக, பிசிறில்லாமல் வெட்டி எடுத்தார். அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்களுது. மிச்சம் சரியா கீது."

ஓட்டை பாஸோடு மறுநாள் லைன் கேட்டுக்கு வந்தார். காவல்காரன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான், காகிதத்தைத் தூக்கி வெயிலில் பார்த்தான், துரையிடம் ஓடினான். துரை பாஸை ரத்து செய்தார். கம்பெனி எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தால் போலீஸ் என்று சொல்லியனுப்பினார். அம்மாள் ஆண்டர்சன்பேட்டைப் பாதையில், எல்லைக்கல்லுக்கு ஒரே ஒரு முழம் வெளியே, பெட்டியை இறக்கிக் கடை போட்டார். கல்லின் மேலேயே நூல்கண்டுகளை அடுக்கி வைத்தார். மூன்று நிறத்துப் பெண்களும் அங்கே போய் ஊசி வாங்கினார்கள். குழாயடியில் ஒருவரையொருவர் பார்க்காத பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து பேசினார்கள். நான் மட்டும் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் கொடுத்த துண்டு என் மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. எறியவும் முடியவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. பகல் பத்து மணி இருக்கும், தரை ஒரு தரம் குலுங்கியது. கீழே பாறை தானாக வெடித்தால் நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். சங்கு ஊதுவதற்கு முன்பே பெண்கள் சுரங்க வாயான ஷாப்டை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டார்கள். ஆட்களைக் கொண்டுவரும் கூண்டான கேஜ் மூன்று தரம் இறங்கி ஏறியது. பிழைத்து வந்தவர்கள் முகமே தெரியாமல், கண்ணிலும் வாயிலும் பாறைத்தூள் அப்பிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் இரண்டாவது கேஜில் வந்தவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மூன்றாவது கேஜில் வந்த குப்பம்மாளின் புருஷனை ஆட்கள் தூக்கிக்கொண்டு லைனுக்கே வந்து, வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். அவன் கண்ணைத் திறக்க முடியாமல், தண்ணீர், தண்ணீர் என்று கேட்டான்.

குப்பம்மாள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அவள் நேரம் மாலையில். அப்போது கத்தோலிக்கர் நேரம். பழைய வழக்கம் இருந்திருந்தால், புருஷன் கீழே இருந்த அவள் வீட்டுக்குத்தான் விடிந்ததும் முதல் குடம் வந்திருக்கும்.

சாவி லாசர் மேஸ்திரி இடுப்பில் இருந்தது. அவர்தான் நீலக் குடங்களுக்குத் தலைவர். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனசில்லை, என் கல்யாணத்தில் பந்தல் போட்டவர். குப்பம்மாள் காலிக்குடத்தோடு வந்து நின்றபோது அவர் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் சாவியை எடுக்கவில்லை. இன்றைக்கு ஒரு தரம் விட்டுக்கொடுத்தால் நம் ஜனத்தின் நேரமே போய்விடும் என்று அவருக்குப் பின்னால் நின்ற நாலு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "துரையை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஓடியாறேம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினார். துரையோ ஷாப்டில் இருந்தார். ஆபீஸில் இருந்தது நான்.

என்னைக் கேட்டார். திறக்கலாமா என்று என்னைத்தான் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிஜிஸ்தரைத் திறந்து நேரம் பார்த்தேன். பதினோரு மணிவரை நீலம் என்று என் கையெழுத்தே சொன்னது. துரை வரட்டும் என்றேன். இதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

லாசர் திரும்பி ஓட, நானும் பின்னால் போனேன். நாங்கள் குழாயடியை அடைவதற்கு முன்பே பெட்டிக்காரம்மா எல்லைக்கல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். பெட்டி இல்லாமல், வெறுங்கையோடு. காவல்காரன் தடியைக் குறுக்கே நீட்டினான். அவர் அந்தத் தடியைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, நடையைக்கூட மாற்றாமல் வந்தார். குழாயடியில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கினார். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. தண்ணீர் கொட்டியது. குப்பம்மாளின் காலிக்குடத்தை அந்த நாலு பேர் மறித்து நின்றார்கள், கீழே வைக்க வேறு ஒரு குடமும் வரவில்லை. நீலக் குடங்கள் வரிசையாக நின்றன. யாரும் நகரவில்லை.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "வாங்க" என்றார்.

அருளாயிதான் வந்தாள். தன் நீலக் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். "அக்கா, நீ போய் மாமா கிட்ட உக்காரு, நான் எடுத்தாறேன்" என்று குப்பம்மாளைத் தள்ளிவிட்டாள். லாசர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். அதற்கப்புறம் எந்தக் குடம் யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை.

குப்பம்மாளின் புருஷன் தண்ணீரைக் குடித்தான். கண்ணைக் கழுவியதும் அவளைப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். மார்பு நசுங்கியிருந்தது, தண்ணீர் முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அவன் கேட்டதற்கும் கொடுத்ததற்கும் நடுவில் கால்மணி நேரம் இருந்தது. அந்தக் கால்மணி நேரத்தை எழுதியவன் நான்.

மறுநாள் அம்மாளைப் பாஸ் இல்லாமல் நுழைந்ததற்கும் கம்பெனிப் பூட்டை உடைத்ததற்கும் தங்கவயலைவிட்டு வெளியேற்றினார்கள். எனக்குத் துரை ஒரு வேலை கொடுத்தார். குழாயடிக் கலகத்தில் இருந்தவர்கள் யார் யார், அவரவர் மதம் என்ன, எந்த மதம் முதலில் வரிசையை உடைத்தது என்று சாயங்காலத்துக்குள் லிஸ்ட் வேண்டும். நான் பெயர்களை எழுதினேன். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் இருந்தார்கள், நாற்பது வரியும் நிரம்பின. மதக் கட்டத்துக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டு ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பிளாட்பாரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். என்னைக் கண்டதும் "வாங்க" என்றார், வழக்கம்போல. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது பழைய கேள்விதான். எட்டு வருஷத்து அரிப்பு லேசில் போகுமா? "இப்பவாவது சொல்லுங்கம்மா. நீங்க எந்தப் பக்கம்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு எட்டு வயசு. கதவைத் தட்டினாங்க. நீங்க எந்தப் பக்கம்னு கேட்டாங்க. இப்போ நீங்க கேட்டீங்களே, அப்படித்தான், மரியாதையா. எங்கப்பா நிமிர்ந்து நின்னு பதில் சொன்னாரு. வேற பதில் சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாங்க. அவங்களும் நல்லவங்கதான். அன்னையிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லே."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தானே மாட்டிக்கொண்டு ஏறினார். அதற்கப்புறம் எங்கே போனார், மலைக்கே திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது.

ஆபீஸுக்கு வந்தேன். லிஸ்ட் மேஜையில் இருந்தபடியே இருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, அவர் வெட்டிக் கொடுத்த துண்டை எடுத்துப் பார்த்தேன். பென்சில் சீவும் பேனாக்கத்தியை எடுத்தேன். எனக்கு அவர் அளவுக்குக் கை நேர் கிடையாது. அங்கங்கே பிசிறோடுதான் வந்தது. ஆனாலும் நாற்பது வரிக்கும் மேலிருந்து கீழ்வரை அந்தக் கட்டத்தை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய்த் துரையிடம் கொடுத்தேன்.

அவர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்த நீளமான ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இது என்ன என்று கேட்டார்.

"மிச்சம் சரியா இருக்குதுங்க" என்றேன்.